ஹைபிரிட் கார் எவ்வளவு ஓடும்? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் சின்ன இடமொன்றில் ஸ்கேனரும் லப்டொப்பும் வைத்துக்கொண்டு ஹைபிரிட் வாகனங்களைப் பார்த்து வருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒரே கேள்வி: "இது லீற்றருக்கு எவ்வளவு ஓடணும்?" ஒலுவில் பக்கமிருந்து பொறியியல் படிக்கிற தம்பிமாரும் வருவார்கள். அவர்கள் கேட்பதும் அதேதான், சமன்பாடு போட்டுக் கேட்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நம் பக்கம் அதிகம் கண்ணில் படுவது முதல் தலைமுறை டொயோட்டா அக்வா என்பதால் உதாரணக் கணக்கெல்லாம் அதை வைத்தே.

பிளக் குத்திச் சார்ஜ் பண்ணாத காருக்கு கரண்ட் எங்கிருந்து வருகிறது?

பெற்றோலில் இருந்துதான். வேறு வழியே இல்லை. பிரேக் பிடிக்கும்போது திரும்பி வருவதும், முதலில் பெற்றோல் எரித்து ஓடிய ஓட்டத்தின் மிச்சம்தான்.

அக்வாவின் பெரிய பற்றறி 144 வோல்ட், 6.5 அம்பியர் மணி. பெருக்கினால் 0.94 யூனிட். வீட்டுக் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 யூனிட் சக்தி இருக்கிறது. ஆக, அந்தப் பற்றறி முழுவதிலும் இருப்பது ஒரு பிளேன்ரீக் கோப்பை பெற்றோல் அளவுதான். அதையும் அடிமட்டம் வரை இறக்குவதில்லை, விளிம்பு வரை நிரப்புவதும் இல்லை. 40 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையில்தான் விளையாட்டு.

அப்படியென்றால் மிச்சம் எப்படி வருகிறது?

இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஆட்களோடு 1200 கிலோ வருகிற ஒரு காரை, நம் கரையோரச் சமதரை வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டுபோக எவ்வளவு வலு வேண்டும்? ரயர் உராய்வும் காற்றுத் தடையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 2 கிலோவாற்றுக்குக் கிட்ட. 70இல் போனால் 5. 100இல் போனால் 11. அக்வாவின் எஞ்சினோ 54 கிலோவாற். காத்தான்குடிக்குள்ளே போகும்போது அந்த எஞ்சினிடம் நாம் கேட்பது ஒரு யானையிடம் தீப்பெட்டி தூக்கச் சொல்வது போன்ற வேலை. யானை தூக்கும். ஆனால் அது தின்கிற தீனி குறையாது.

பெற்றோல் எஞ்சின் மிகக் குறைந்த சுமையில் ஓடும்போது எரிபொருளில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகவே போய்விடும். நடுத்தரச் சுமையில் அதே எஞ்சின் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேலையாக மாற்றும். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸின் எஞ்சினுக்கு உச்சத் திறன் 38.5 வீதம். அடுத்த தலைமுறையில் அது 40 வீதத்தைத் தொட்டது.

வீட்டுத் தண்ணீர் மோட்டரை நினைத்துப் பாருங்கள். குழாய் திறக்கிற ஒவ்வொரு தடவையும் மோட்டரைப் போடுவோமா? தாங்கி நிரம்பும் வரை ஒரே ஓட்டாக ஓடவிட்டு நிறுத்துவோம். பிறகு தாங்கியிலிருந்து எடுப்போம். ஹைபிரிட்டில் பற்றறிதான் அந்தத் தாங்கி. எஞ்சின் ஓடினால் நல்ல சுமையில் ஓடட்டும், இல்லாவிட்டால் ஓடவே வேண்டாம். பிரேக்கில் திரும்புகிற சக்தி அதற்கு மேலே வருகிற கூடுதல் லாபம். விற்பனைக்காரர்கள் பிரேக் கதையை மட்டும் சொல்வார்கள். நம் சமதரையில் பெரிய பங்கு அதுவல்ல என்பதுதான் என் எண்ணம்.

அக்வா, பிரியஸ், ஃபிட், வெசல், வேகன் ஆர் எல்லாம் ஒரே மாதிரியா?

இல்லை. பெயர் ஒன்று, உள்ளே வேறு வேறு.

டொயோட்டாவில் கியர் மாற்றுகிற பெட்டி கிடையாது. நடுவில் ஒரு சூரியப் பல்சக்கரம், சுற்றி வெளி வளையம், இரண்டுக்கும் இடையில் சின்னச் சக்கரங்களைத் தாங்குகிற தாங்கி. எஞ்சின் தாங்கியில், முதல் மோட்டர் சூரியனில், சில்லுகளும் இரண்டாம் மோட்டரும் வளையத்தின் பக்கம். முதல் மூன்று தலைமுறை பிரியஸிலும் சூரியனுக்கு 30 பல், வளையத்துக்கு 78 பல். கூட்டினால் 108. அதனால் எஞ்சினின் முறுக்குவிசையில் 108க்கு 78 பங்கு, அதாவது 72 வீதம், நேராகச் சில்லுக்குப் போகும். மிச்சம் 28 வீதம் முதல் மோட்டரைச் சுற்றிக் கரண்டாகும். இந்தப் பங்கு பல் எண்ணிக்கையால் வருவது, எந்தக் கணினியாலும் மாற்ற முடியாது. கணினி மாற்றுவது வேகத்தை மட்டும். எஞ்சின் நின்றபடி வளையம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், முதல் மோட்டர் எதிர்ப்பக்கமாக 2600 சுற்று சுற்றும். 78ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள், விளங்கும்.

2013இல் வந்த ஹோண்டா ஃபிட்டிலும் அதே வழியில் வந்த வெசல் ஹைபிரிட்டிலும் இருப்பது ஒரு மோட்டரும் 7 கியர் இரட்டைக் கிளச்சும். நீண்ட வீதியில் மிக நன்றாக ஓடும். கல்முனைச் சந்தியில் ஒரு அடி, நிறுத்து, இன்னொரு அடி என்று ஊர்ந்தால் கிளச் சூடாகும். முன்னால் கொஞ்சம் இடம் விட்டு நின்று, ஒரே தடவையாக நகருங்கள்.

வேகன் ஆரில் இருப்பது பெல்ட்டோடு சேர்ந்த ஒரு சின்ன மோட்டர். எஞ்சினை எழுப்பும், ஏறும்போது சற்றுத் தள்ளிக் கொடுக்கும். அதை அக்வாவோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். கார் இலேசாக இருப்பதும் எஞ்சின் சின்னதாக இருப்பதும்தான் அதன் சிக்கனத்துக்கு முதல் காரணம்.

யப்பானில் 35.4 என்று போட்டிருக்கிறது. எனக்கு 21தான் வருகிறது. கார் பழுதா?

பெரும்பாலும் இல்லை. என்னிடம் வருகிற நல்ல நிலையிலுள்ள அக்வாக்களில் 20இலிருந்து 24 வரைதான் பார்க்கிறேன்.

அந்த 35.4 என்பது ஜேசி08 என்ற பரிசோதனையில் வந்த எண். 1204 செக்கன், 8 கிலோமீற்றருக்குச் சற்று மேல், சராசரி 24 கிலோமீற்றர் வேகம், உச்சம் 82க்குள். காரை உருளைகள் மேல் ஏற்றி, ஏசியை நிறுத்தி ஓடுவது. 2018 தொடக்கம் யப்பானில் டபிள்யூஎல்டிசி என்ற கடுமையான முறைக்கு மாறினார்கள். அதில் நகரம், புறநகர், விரைவு வீதி என்று தனித்தனி எண் வரும். புதிதாக இறக்கிய காரின் தாளில் மூன்று எண் இருந்தால் நகர எண்ணைப் பாருங்கள், ஏமாற்றம் குறையும்.

மற்றது ஏசி. நம் வெயிலில் ஏசி கம்பிரசர் சராசரியாக 1 கிலோவாற் இழுக்கிறது என்று வைப்போம். ஒரு லீற்றர் பெற்றோலின் 9 யூனிட்டில் எஞ்சினையும் ஜெனரேட்டரையும் தாண்டிக் கரண்டாக வந்து சேர்வது ஏறத்தாழ 3. ஆகவே ஏசிக்கு மணிக்கு மூன்றில் ஒரு லீற்றர். இதைக் கவனியுங்கள்: ஏசி தின்பது மணிக்கணக்கில், வீதி தின்பது கிலோமீற்றர் கணக்கில். ஏசி இல்லாமல் 25 ஓடுகிற கார், மணிக்கு 20 கிலோமீற்றர் என்று நகரில் ஊர்ந்தால் 18க்கு வந்துவிடும். அதே கார் வாழைச்சேனை வீதியில் 60இல் போனால் 22க்குக் கிட்ட நிற்கும். காரும் அதே, ஏசியும் அதே.

சரி, என் கார் உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று எப்படி அளப்பது?

டாஷ்போர்டில் காட்டுவதை நம்பி முடிவு எடுக்க வேண்டாம். அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும்.

ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப், துப்பாக்கி முதல் தடவை 'டக்' என்று நிற்கிறதோடு நிறுத்துங்கள். "காசு சரியா வரட்டும் அண்ணன்" என்று பையன் இன்னும் இரண்டு தடவை அழுத்துவான், விடாதீர்கள். 400 கிலோமீற்றராவது ஓடிவிட்டுத் திரும்பவும் அதே போல நிரப்புங்கள். இப்படி மூன்று தடவை. ரயர் அளவு மாற்றியிருந்தால் காரின் கிலோமீற்றர் எண்ணே பிழைக்கும். ஏ15 வீதியில் கிலோமீற்றர் கல் பார்த்தோ போனிலோ சரிபார்த்துக் கொள்ளுங்கள். 2022இல் கியூஆர் பங்கீட்டு நாளில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கிடைத்தபோது, எங்கள் ஆட்கள் எல்லாரும் கணக்கெழுதப் பழகினார்கள். வரிசை போனதும் கொப்பியும் போய்விட்டது.

இன்னொரு வேடிக்கை. ஒருவர் 10 கிலோமீற்றர் ஓடிப் பார்த்துவிட்டு "என் அக்வா 25 ஓடுது" என்று வந்தார். பற்றறி எந்த அளவில் இருந்தது என்று கேட்டேன். புறப்படும்போது பற்றறிப் படத்தில் ஏழு கட்டம், திரும்பும்போது மூன்று. நாலு கட்டம் என்றால் 0.19 யூனிட், பெற்றோல் கணக்கில் 63 மில்லிலீற்றர். அவர் கணக்கில் 10 கிலோமீற்றருக்கு எரிந்த மொத்தப் பெற்றோலே 400 மில்லிலீற்றர்தான். அந்த 63ஐத் திருப்பிக் கூட்டினால் 25 என்பது 22 ஆகிவிடும். மனிதர் முகம் வாடிப்போனது. 400 கிலோமீற்றர் ஓடினால் இந்தப் பிழை கரைந்துவிடும்.

ஆய்வுகூடத்திலும் இதே சிக்கல்தான். ஹைபிரிட் அளவீட்டுக்கான அமெரிக்க நியமமான எஸ்ஏஈ ஜே1711, ஓட்டத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் பற்றறியில் வருகிற வித்தியாசம் எரித்த எரிபொருள் சக்தியின் 1 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நம் 10 கிலோமீற்றர் ஓட்டத்தில் அது 0.04 யூனிட். ஒரு கட்டம்கூட மாறக் கூடாது என்று அர்த்தம்.

கட்டுப்பாட்டு முறையை ஒப்டிமைஸ் பண்ணுவது எப்படி? டைனமிக் புரோகிராமிங் போதுமா? (மாணவர் கேள்வி)

டைனமிக் புரோகிராமிங் பயணம் முடிகிற இடத்தில் தொடங்கிப் பின்னோக்கி வரும். ஒவ்வொரு செக்கனிலும் பற்றறி எந்த மட்டத்தில் இருந்தால் இனி எவ்வளவு பெற்றோல் செலவாகும் என்று அட்டவணை போட்டுக்கொண்டே வரும். அதைவிடச் சிறந்த விடை அந்தப் பயணத்துக்குக் கிடையாது. ஆனால் கல்முனைக்குப் போகிற வழியில் எந்த இடத்தில் மாடு குறுக்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்! அதனால் அது அளவுகோல் மட்டும். உங்கள் முறை அதிலிருந்து எத்தனை வீதம் பின்தங்குகிறது என்று பார்க்கத்தான்.

காரில் ஓடக்கூடியது ஈசிஎம்எஸ் (பற்றறிக் கரண்டையும் எரிபொருளாகக் கணக்கிட்டு மொத்தச் செலவைக் குறைப்பது) போன்ற முறை. பற்றறிக் கரண்டுக்கு ஒரு விலை வைப்பது அதன் அடிப்படை. அம்பாறை விவசாயிக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. களஞ்சியம் நிறைந்திருக்கும்போது நெல் மலிவு, அடி தெரியத் தொடங்கினால் ஒரு மூட்டை விற்கவும் யோசிப்பார்.

எண் வைத்துப் பார்ப்போம். இப்போது 4 கிலோவாற் தேவை. எஞ்சின் 4இல் ஓடினால் திறன் 20 வீதம், 12இல் ஓடினால் 36 வீதம் என்று எடுங்கள். பற்றறிக்குள் போகும்போதும் வரும்போதும் பத்தில் ஒன்று வீணாகிறது. எஞ்சின் மட்டும் 4 கொடுத்தால் எரிபொருளாக 20 கிலோவாற். பற்றறி மட்டும் கொடுத்தால் உள்ளே இருந்து 4.4 இழுபடும். எஞ்சின் 12இல் ஓடி 8ஐப் பற்றறிக்கு அனுப்பினால் எரிபொருள் 33.3, உள்ளே சேர்வது 7.2. கரண்டின் விலை 2.4 என்றால், அதாவது பற்றறியின் ஒரு யூனிட்டை எரிபொருளின் 2.4 யூனிட்டாக எண்ணினால், பற்றறி வழிக்கு 10.7, சார்ஜ் வழிக்கு 16. எஞ்சினை நிறுத்து என்கிறது கணக்கு. விலை 3.2 ஆனால் பற்றறி வழி 14.2, சார்ஜ் வழி 10.3. எஞ்சினைப் போடு என்கிறது. எஞ்சின் தனியாக 4 கொடுக்கிற வழி எந்த விலையிலும் வெல்லவில்லை என்பதைப் பாருங்கள். மேலே சொன்ன யானைக் கதை இதுதான். பற்றறி இறங்க இறங்க விலையை ஏற்றுவது, ஏற ஏற இறக்குவது: மிச்சமெல்லாம் அந்த ஒரு எண்ணைச் சரியாக வைப்பதில்தான் இருக்கிறது.

மாணவர் வேலைகளில் நான் அடிக்கடி காண்கிற பிழை ஒன்று. ஒரு ஓட்டத்தை வைத்து விலையைச் சரிசெய்துவிட்டு, அதே ஓட்டத்திலேயே "15 வீதம் மிச்சம்" என்று எழுதுவது. கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதிய கதை. கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி தாண்டிக் கல்முனை வரை போனில் செக்கனுக்கு ஒரு தடவை வேகத்தைப் பதியுங்கள். காலை ஒன்று, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒன்று, இரவு ஒன்று. ஒன்றில் சரிசெய்து மற்ற இரண்டில் சோதியுங்கள். ஜீபிஎஸ் வேகத்தை அப்படியே வகையிட்டு முடுக்கம் எடுத்தால் இல்லாத குலுக்கமெல்லாம் வரும், முதலில் மென்மையாக்குங்கள். எஞ்சின் எத்தனை தடவை எழும்புகிறது என்பதற்கும் ஒரு தண்டம் வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று செக்கனுக்கு ஒரு தடவை எஞ்சினைப் போட்டு நிறுத்துகிற 'சிறந்த' விடை வரும். காகிதத்தில் அழகு, காரில் இருக்க முடியாது.

ஈகோ பட்டன்?

அக்சிலேட்டரை மந்தமாக்கும், ஏசியைக் கொஞ்சம் அடக்கும். கால் பாரமானவர்களுக்கு நல்லது. ஏற்கெனவே மெதுவாக மிதிப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

பெரிய பற்றறியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

முதலில் ஃபேனைப் பாருங்கள்.

ஏறாவூரில் இருந்து ஒரு அக்வா வந்தது. வேறோரிடத்தில் பற்றறி முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பின்சீற்றின் ஓரத்தில் பற்றறிக்குக் காற்று போகிற வாயில் இருக்கிறது. அதன்மேல் பிள்ளையின் புத்தகப் பை சாய்த்து வைத்திருந்தது. கழற்றிப் பார்த்தால் ஃபேன் இதழ்களில் தலைமயிரும் கடற்கரை மணலும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. பல் விளக்குகிற பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். பிறகு அதே வீதியில், அதே மத்தியான வெயிலில் ஓடியபோது பற்றறிச் சூடு எட்டுப் பாகை குறைவாகக் காட்டியது. நிக்கல் பற்றறி சூடானால் சார்ஜை ஒழுங்காக ஏற்காது, கணினியும் அதன் வலுவைக் கட்டுப்படுத்தும். எஞ்சின் அடிக்கடி எழும்பும். ஓட்டம் குறையும். உரிமையாளருக்குத் தெரிவது கடைசியில் உள்ளது மட்டும்.

சுத்தம் செய்த பிறகும் சந்தேகம் என்றால், நின்ற இடத்தில் வோல்ட் பார்த்துப் பயனில்லை. ஒருவர் ஓட, ஒருவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். அழுத்தி மிதிக்கும்போது பற்றறியின் ஒரு பிளொக் (செல்தொகுதி) மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் எனக்குச் சந்தேகம் வரும். எல்லாம் சேர்ந்து விழுந்து சேர்ந்து ஏறினால் இன்னும் ஓடும்.

செம்மஞ்சள் நிற வயரில் மட்டும் வீட்டில் கை வைக்காதீர்கள். பற்றறி 144 வோல்ட் என்றாலும் இன்வேட்டருக்குள் அது 500ஐத் தாண்டும்.

கார் அசையவே இல்லை, ஸ்கிரீனும் மங்கல். ஹைபிரிட் போச்சா?

சின்ன 12 வோல்ட் பற்றறியைப் பாருங்கள். பத்தில் பல தடவை அதுதான்.

கண்டிக்குப் போய் வரும்போது இறக்கத்தில் எஞ்சின் இரைகிறது. ஏன்?

செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகப் போகிறவர்கள் பதினெட்டு வளைவில் இறங்கும்போது இதைக் கேட்டிருப்பார்கள். ஆட்களோடு 1300 கிலோ வருகிற கார் ஒரு மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 13 கிலோஜூல். அதில் அறுபது வீதம் பற்றறிக்குள் போகிறது என்று வைத்தால், 60 வீதத்தில் இருந்த பற்றறி 80ஐத் தொட 90 மீற்றர் இறக்கம் போதும். மலையோ இன்னும் நூற்றுக்கணக்கான மீற்றர் கீழே போகிறது. தாங்கி நிரம்பி வழிகிற நிலை. அப்போது பெற்றோல் விடாமல் எஞ்சினைச் சும்மா சுழற்றித்தான் கார் அந்தச் சக்தியைச் செலவழிக்கிறது. அந்த இரைச்சல் பழுதல்ல.

நீண்ட இறக்கத்தில் கியரில் 'பி' (B, எஞ்சின் பிரேக்; நிறுத்துகிற P அல்ல) போடுங்கள், பிரேக் சூடாகாமல் இருக்கும். நம் சமதரையில் 'பி'யிலேயே ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள், "கூடச் சார்ஜ் ஏறும்" என்று. ஏறாது. எஞ்சின் சுழல்வதில் வீணாகத்தான் போகும்.

மார்கழி வெள்ளத்தில் ஓடலாமா?

வேண்டாம். அக்வாவில் பற்றறி பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது.

ஹைபிரிட் வாங்கினால் எனக்கு லாபமா?

லீற்றருக்கு எவ்வளவு என்று பார்ப்பதை விட்டு, 1000 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று பாருங்கள். 12 ஓடுகிற காரிலிருந்து 20 ஓடுகிற காருக்கு மாறினால் 33 லீற்றர் மிச்சம். 20இலிருந்து 30க்குப் போனால் 17தான். பிந்தியதில் எண் பெரிதாகக் கூடுகிறது, பணம் குறைவாக மிஞ்சுகிறது. மாதம் 400 கிலோமீற்றர் மட்டும் ஓடுகிறவர், பழைய பற்றறியின் செலவையும் சேர்த்துப் பார்த்தால் சாதாரணக் காரோடு இருப்பதே நல்லது என்று நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர் கதை வேறு.

காரைக் கொண்டுவந்தால் பார்ப்பீர்களா?

பார்ப்பேன். மூன்று தடவை நிரப்பிய கணக்குக் கொப்பியோடு வாருங்கள். டிக்கியில் கிடக்கிற சாமானை வீட்டில் இறக்கி, ரயருக்குக் கதவோரத்து ஒட்டியில் போட்டிருக்கிற அளவுக்குக் காற்று அடித்துவிட்டு வாருங்கள். ஓடிப் பார்க்க வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கு முன் வந்தால் நல்லது. அதற்குப் பிறகு பாலத்தில் பள்ளிக்கூட நெரிசல், நம் இரண்டு பேருக்கும் எண் பிழைக்கும்.